ராத்தங்கல்

‘ராத்தங்கல்’ என்ற சொல்லைக் காதால் கேட்டுப் பல வருடம் ஆகிறது. எங்கள் தாமிரபரணிக் கரை ஊர்களில் அன்றாடம் புழங்கிய சொல். வெளியூர் போனவர் பொழுது சாய்ந்தும் திரும்பவில்லை என்றால், “எங்கயோ ராத்தங்கிட்டாரு போல” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவார்கள். போன் கிடையாது. தேடிப் போவதும் கிடையாது.

பெங்களூரில் இருக்கும் என் பேரன், வகுப்புத் தோழன் வீட்டில் ஒரு ராத்திரி தங்குவதை ‘ஸ்லீப் ஓவர்’ என்கிறான். அதற்கு முன்னால் இரண்டு வீட்டு அம்மாக்களும் அரை மணி நேரம் போனில் பேசிக்கொள்கிறார்கள். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளுமா, வீட்டில் நாய் உண்டா, ஏசியை எத்தனையில் வைப்பது, எத்தனை மணிக்கு விளக்கை அணைப்பது. கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “என்ன மாமா?” என்றாள் மருமகள். எங்கள் காலத்தில் ஒரு பையன் அடுத்த வீட்டில் ராத்தங்குவது என்றால் பெரியவர்கள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: “சாப்பாடு எங்க?” அந்தக் கேள்வியைப் பற்றியும், அதே கேள்வியால் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் 100 வருடத்துக்கு முன்னால் மூண்ட ஒரு பெரிய சண்டையைப் பற்றியும்தான் இதை எழுதுகிறேன்.

படுக்கைக்கு நெல்லைச் சீமையில் என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. பழைய வீடுகளில் தெருவைப் பார்த்து ஒரு திண்ணை இருக்கும். வசதியான வீடு என்றால் வாசலுக்கு இருபுறமும் இரண்டு திண்ணை, தலை வைத்துக்கொள்ளச் சாந்து பூசிய திண்டோடு. திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்கள், நெல்லையப்பர் ஆனித் தேருக்கு வந்தவர்கள், ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போகிறவர்கள், மாட்டுத் தரகர், ஜவுளி வியாபாரி என்று, அந்தத் தெருவுக்குள் நடக்க அனுமதி உள்ள யார் வேண்டுமானாலும் அதில் படுத்துக்கொள்ளலாம். வீட்டுக்காரரைக் கேட்கக்கூட வேண்டாம். காலையில் எழுந்து போய்விட்டால் போதும்.

பாய்க்கும் குறைவில்லை. பக்கத்திலேயே பத்தமடை இருக்கிறது. ஆற்றங்கரைக் கோரையை அறுத்துக் காயவைத்து, ஓடும் தண்ணீரில் ஊறப்போட்டு, நுணுக்கமாகக் கீறி நெய்கிற பாய். நல்ல பாய் பட்டுத் துணி மாதிரி மடியும். சிவப்புச் சாயம் சப்பங்கிக் கட்டையிலிருந்து வரும். கல்யாணப் பாய் என்றால் மணமக்கள் பெயரையும் அதிலேயே நெய்து கொடுப்பார்கள். நெய்கிறவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள். வாங்குகிறவர்களில் எல்லாச் சாதியும் உண்டு. அந்தப் பாயில் படுக்கவோ, அதன்மேல் உட்கார்ந்து தாலி கட்டவோ யாரும் தயங்கி நான் பார்த்ததில்லை. அதே வீட்டு அம்மாள் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தால் குடிப்பார்களா என்பது வேறு விஷயம்.

1967-ல் நான் எஸ்.எஸ்.எல்.சி. எழுதினேன். எங்கள் ஊர் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில், சேரன்மாதேவிக்கும் பத்தமடைக்கும் நடுவில் உள்ள சின்ன ஊர். (அரசாங்கத் தாள்களில் சேரன்மகாதேவி, எங்கள் வாயில் சேர்மாதேவி.) மேற்கே பாபநாசத்தில் 1944-லேயே தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்தக் கம்பிகள் எங்கள் வயலுக்கு மேலேயேதான் போயின. ஆனால் எங்கள் வீட்டுக்குள் ஒரு பல்பு எரிவதற்கு நான் பள்ளிக்கூடத்தை முடிக்க வேண்டியிருந்தது. அதனால் பரீட்சை நெருங்கியதும் சேர்மாதேவி அக்ரகாரத்தில் இருந்த என் வகுப்புத் தோழன் வீட்டுத் திண்ணையில் போய்ப் படிப்பேன். அங்கே நாற்பது வாட் பல்பு உண்டு. பதினொரு மணிக்கு மேல் திரும்பி நடக்க முடியாது. அங்கேயே படுத்துவிடுவேன்.

ஆச்சி ஒருநாளும் தடுத்ததில்லை. “ராத்திரி எங்க படுத்தா என்னடே, சாப்பாட்ட மட்டும் இங்கன முடிச்சிட்டுப் போ” என்பாள். பேரன் பசியோடு போகக் கூடாது என்ற பாசம் என்றுதான் நான் நினைத்தேன். பாசமும்தான். ஆனால் அந்த வீட்டில் எனக்கு உள்ளே இலை போட மாட்டார்கள் என்று ஆச்சிக்குத் தெரியும். பேரன் அதைக் கண்ணால் பார்க்க வேண்டாம் என்று அவளே முந்திக்கொண்டாள்.

நண்பனின் அம்மா மிகவும் நல்லவர். “கொழந்தே, கண்ணைக் கெடுத்துக்காம படிங்கோ” என்று சொல்லிவிட்டு, பத்து மணி வாக்கில் இரண்டு டம்ளரில் காப்பி கொண்டுவருவார். அவனுடையது எவர்சில்வர், என்னுடையது பித்தளை. நான் குடித்ததும் கழுவித் திண்ணை ஓரத்தில் கவிழ்த்துவிட வேண்டும். யாரும் எனக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவனுக்கும் சொல்லிக்கொடுத்ததாகத் தெரியவில்லை.

இன்னொரு நண்பன் இருந்தான், கால்வாய்க்கு அந்தப் பக்கத்துத் தெரு. கணக்கில் எங்கள் வகுப்பிலேயே அவன்தான் முதல். எங்களுக்கு அல்ஜீப்ரா சொல்லிக்கொடுக்க எங்கள் வீட்டுக்கு வருவான். வந்தால் தொழுவத்தை ஒட்டிய சாய்ப்பில் உட்காருவோம். அவன் சாப்பிட்டுவிட்டே வருவான். தண்ணீர் கேட்டால் ஆச்சி செம்பை உயரத் தூக்கி ஊற்றுவாள், அவன் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக் குடிப்பான். அக்ரகாரத்தில் எனக்குப் பித்தளை டம்ளராவது உண்டு. எங்கள் வீட்டில் அவனுக்கு அதுவும் கிடையாது.

நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து ராத்தங்கியது ஒரே ஒரு இடத்தில்தான்: பரீட்சை முடிந்தபின் பிசான அறுவடைக் களத்தில், நெல்லுக்குக் காவலாக. மூன்று பேரிடமும் மூன்று தூக்குவாளி. கொஞ்சம் தள்ளித் தள்ளி உட்கார்ந்து அவரவர் வாளியைக் காலி செய்துவிட்டு, ஒரே வைக்கோலில் வரிசையாகப் படுத்துக்கொண்டோம். மார்கழிப் பனியெல்லாம் போய்ப் பங்குனி வெக்கை ஆரம்பித்திருந்தது. விடிய விடியப் பேச்சுதான்.

இதை எங்கள் மூன்று பேர் கதை என்றே பல வருடம் நினைத்திருந்தேன். பிறகு தபால் துறையில் சேர்ந்து அம்பாசமுத்திரத்தில் வேலை பார்த்தபோது, பென்ஷன் மணியார்டர் வாங்க வரும் வயதான தமிழாசிரியர் ஒருவர், “எந்த ஊர் தம்பி? சேர்மாதேவிப் பக்கமா! குருகுலம் நடந்த ஊருல்லா?” என்றார். எனக்கு ஒன்றும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் யாரும் சொன்னதில்லை. அவர் சொல்லித்தான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

1920-ல் ஒத்துழையாமை இயக்கம் தொடங்கியபோது, அரசாங்கப் பள்ளிகளை விட்டு வெளியே வாருங்கள் என்று காங்கிரஸ் பிள்ளைகளை அழைத்தது. வந்த பிள்ளைகள் படிக்க இடம் வேண்டுமே. நாடெங்கும் தேசியப் பள்ளிகள் முளைத்தன. எங்கள் பகுதியில் அதைக் கையில் எடுத்தவர் வ.வே.சு. ஐயர். திருச்சி வரகனேரியில் 1881-ல் பிறந்தவர். பாரிஸ்டர் ஆக லண்டன் போய், அங்கே சாவர்க்கரோடு ‘இந்தியா ஹவுஸ்’ புரட்சிக்காரர்களில் ஒருவராகி, போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவிப் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தவர். அங்கே பத்து வருடம் பாரதி, அரவிந்தர் இவர்களோடு வாழ்க்கை. திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். தமிழ்ச் சிறுகதைக்கு முன்னோடி என்று இன்றும் பாடப் புத்தகத்தில் வருகிறார். 1920-க்குப் பிறகு சென்னையில் ‘தேசபக்தன்’ ஆசிரியராக இருந்தபோது ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டுப் பெல்லாரிச் சிறைக்குப் போனார். வெளியே வந்ததும் அவர் தொடங்கியதுதான் தமிழ்க் குருகுலம். பாரத்வாஜ ஆசிரமம் என்றும் பெயர். தொடங்கியது 1922, நிலைத்த இடம் சேரன்மாதேவி.

திட்டம் நன்றாகவே இருந்தது. பாடம் தமிழில். உடற்பயிற்சி உண்டு, கைத்தொழில் உண்டு. ‘பாலபாரதி’ என்று ஒரு பத்திரிகையும் அங்கிருந்து வந்தது. பல ஊர்களிலிருந்து, பல சாதிகளிலிருந்து பிள்ளைகளை விட்டார்கள். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி 10,000 ரூபாய் கொடுப்பதாக ஒத்துக்கொண்டு முதலில் 5,000 கொடுத்தது. 1920-களில் அது எவ்வளவு பெரிய தொகை என்று சொல்லத் தேவையில்லை. பெயரும் காங்கிரசின் பெயர், பணமும் ஊர்ப் பணம்.

குருகுலம் என்றால் என்ன? பிள்ளைகள் ராத்தங்கும் வீடுதானே. ஒருநாள் ராத்தங்கல் இல்லை, வருடக்கணக்கில் ராத்தங்கல். பெற்றவர்கள் பிள்ளையைக் கொண்டுவந்து விடும்போது அதே கேள்வியைத்தான் கேட்டார்கள். சாப்பாடு எங்கே? யாரோடு?

இரண்டு பிராமணப் பையன்களின் பெற்றோர், எங்கள் பிள்ளைகள் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்று கேட்டார்கள். ஐயர் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டார். அந்த இருவருக்கும் தனிப் பந்தி. செய்தி வெளியே கசிந்தது. அப்போது கமிட்டிக்குச் செயலாளராக இருந்தவர் ஈ.வெ. ராமசாமி நாயக்கர், பிறகு நாம் பெரியார் என்று அறிந்தவர். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் அந்தக் குருகுலத்தில் படித்தான் என்றும், பிராமணப் பிள்ளைகளுக்கு வைத்திருந்த தண்ணீரை எடுத்துக் குடித்ததற்காக அடிபட்டான் என்றும், அவன் அழுதுகொண்டே தகப்பனாரிடம் சொன்னதிலிருந்துதான் விஷயம் பெரிதானது என்றும் பெரியார் பிற்காலத்தில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். ஐயர் தரப்புக்காரர்கள் எழுதியதில் தண்ணீர்ப் பானையைக் காணோம். இரண்டு பையன்களின் பந்தி மட்டும்தான் வருகிறது. நான் எங்கள் வீட்டுச் செம்பையும் அக்ரகாரத்துப் பித்தளை டம்ளரையும் பார்த்தவன். பந்தி தனியாக இருந்த இடத்தில் பானை மட்டும் பொதுவாக இருந்திருக்கும் என்று நம்புவது எனக்குக் கஷ்டம்.

சண்டையை ஊரறியச் செய்தவர் டாக்டர் பி. வரதராஜுலு நாயுடு. ‘தமிழ்நாடு’ பத்திரிகையின் ஆசிரியர், 1925-ல் கமிட்டியின் தலைவரும் அவர்தான். ஐயருக்குப் பகைவர் ஒன்றும் இல்லை. இயக்கத்தில் ஒன்றாக உழைத்தவர். பொதுப் பணத்தில் நடக்கும் தேசியக் கல்விச்சாலையில் இரண்டு பந்தி எதற்கு என்று அவர் எழுத எழுத, ஊர் ஊராகக் கூட்டம் நடந்தது. இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு முந்தின வருடம், 1924 மார்ச் 30-ல், திருவிதாங்கூரில் வைக்கம் போராட்டம் தொடங்கியிருந்தது. கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் ஈழவரும் புலையரும் நடக்கலாமா என்பது அங்கே கேள்வி. பெரியார் அங்கே போய் இரண்டு முறை சிறைக்குப் போய்விட்டு வந்தார். மலைக்கு அந்தப் பக்கம் தெருவில் நடக்கும் உரிமைக்குக் காங்கிரஸ் ஜெயிலுக்குப் போகிறது. மலைக்கு இந்தப் பக்கம் காங்கிரஸ் பணத்தில் இரண்டு பந்தி. ஈரோட்டுக்காரருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

ஐயரைச் சாதி வெறியர் என்று என்னால் சொல்ல முடியவில்லை. லண்டனில் எல்லாரோடும் கலந்து இருந்த மனிதர். பாரதியின் நெருங்கிய நண்பர். அந்தப் பாரதி புதுச்சேரியை விட்டு வந்து, எங்கள் பக்கத்துக் கடையத்தில், மனைவி செல்லம்மாளின் ஊரில், 1918 முதல் 1920 வரை இருந்தபோது, சாதி பாராமல் பழகியதற்காக அக்ரகாரம் அவரை ஒதுக்கியே வைத்திருந்தது. இதெல்லாம் ஐயருக்குத் தெரியாததா? தனக்குச் சாதி வித்தியாசம் இல்லை, பெற்றோருக்குக் கொடுத்த வாக்கை மீற முடியவில்லை என்பதுதான் அவர் கட்சி.

இந்த இடத்தில்தான் எனக்கு ஐயரோடு மனத்தாங்கல். இரண்டு பெற்றோருக்கு வாயால் கொடுத்த வாக்கு அவருக்கு நினைவிருந்தது. மற்ற பெற்றோருக்கு? பிள்ளையைக் கையைப் பிடித்து அழைத்துவந்து இந்த வீட்டில் விட்டுவிட்டுப் போன ஒவ்வொரு தகப்பனுக்கும் அவர் வாய் திறக்காமலே ஒரு வாக்குக் கொடுத்திருந்தார் அல்லவா, உன் பிள்ளை இங்கே யாருக்கும் கீழே உட்கார மாட்டான் என்று? அவர்கள் அதைக் கேட்டு வாங்கவில்லை, அவ்வளவுதான். கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது. என் ஆச்சியைப் போல விவரம் தெரிந்தவர்கள் வீட்டிலேயே சோற்றைப் போட்டு அனுப்பிவிடலாம். ஓமந்தூரிலிருந்து சேர்மாதேவிக்குத் தூக்குவாளி கொடுத்தனுப்ப முடியுமா?

1925 மார்ச்சில் காந்தி வைக்கத்துக்கு வந்தார். தமிழ்நாட்டுக்கும் வந்தார். குருகுலப் பஞ்சாயத்து அவரிடம் போனது. வாக்குக் கொடுத்துவிட்டதால் அந்த இரண்டு பையன்களை மட்டும் அப்படியே விட்டுவிடலாம், இனிமேல் சேர்க்கும் பிள்ளைகள் எல்லாரும் ஒரே பந்தி என்ற நிபந்தனையோடுதான் சேர வேண்டும் என்றார். வக்கீல் தீர்ப்பு. படிக்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு இலை தனியாக விழுந்துகொண்டே இருக்கும் வரை, இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குத் தினம் இரண்டு வேளை அது கண்ணில் படும் இல்லையா? நாயுடு தரப்பு ஒத்துக்கொள்ளவில்லை.

ஏப்ரலில் திருச்சியில் கமிட்டி கூடியது. பிறப்பை வைத்து உயர்வு தாழ்வு பாராட்டக் கூடாது, தேசிய இயக்கத்தைச் சேர்ந்த அமைப்புகள் எல்லாம் இதைக் கைக்கொள்ள வேண்டும் என்று எஸ். ராமநாதன் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. ராஜாஜி, டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் முதலியோர் செயற்குழுவை விட்டு விலகினார்கள். சாப்பாடு அவரவர் சொந்த விஷயம், கட்டாயப்படுத்தி மனத்தை மாற்ற முடியாது என்பது ராஜாஜி தரப்பு வாதம். மே 2-ஆம் தேதி ஈரோட்டிலிருந்து ‘குடி அரசு’ முதல் இதழ் வந்தது. நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில், திரு.வி.க. தலைமையில், வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தை எடுத்துக்கொள்ள மறுத்ததும் பெரியார் வெளியேறினார். அதற்குப் பிந்தைய தமிழ்நாட்டு அரசியல் எல்லாருக்கும் தெரிந்ததே. காஞ்சிபுரத்தைத்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். அந்த வருடம் தொடங்கியது எங்கள் சேர்மாதேவியில், சாப்பாட்டு மணி அடித்த நேரத்தில்.

இவ்வளவு சண்டையிலும் பேசியவர்கள் பாரிஸ்டர், டாக்டர், மகாத்மா, பத்திரிகாசிரியர்கள். பெரியவர்கள். அந்த இரண்டு பையன்களை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. பகலெல்லாம் மற்ற பையன்களோடு கபடி ஆடிவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் மட்டும் தனியே போய் உட்காருவது அவர்களுக்கு மட்டும் இனித்திருக்குமா? என் அக்ரகாரத்து நண்பன் களத்தில் தன் தயிர்சாத வாளியைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கள் வாளிகளில் இருந்த கருவாட்டையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. (வாங்கித் தின்றானா என்று கேட்காதீர்கள். அவன் இப்போது அமெரிக்காவில் மகள் வீட்டில் இருக்கிறான், இதைப் படிப்பான்.)

சேர்மாதேவிதான் முதல் என்றும் இல்லை. பாளையங்கோட்டையில் ரேனியஸ் பாதிரியார் 1820-களில் மாணவர்களைத் தங்கவைத்துப் பள்ளி நடத்தியபோதே பந்தித் தகராறு வந்துவிட்டது. ஞானஸ்நானம் வாங்கிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் வேறு சாதிப் பிள்ளைகளோடு உட்காருவது முடியாத காரியமாக இருந்தது. எங்கள் பக்கத்தில் இன்றும் விடுதியைப் ‘போர்டிங்’ என்றுதான் சொல்கிறோம். “அவன் போர்டிங்ல படிச்சவன்” என்றால் எதையும் தின்பான், எங்கேயும் படுப்பான் என்று ஓர் அர்த்தமும் சேர்ந்து வரும். அந்த அர்த்தம் ஏற எத்தனை வருடம் ஆகியிருக்கும்!

ஐயர் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார். தி.ரா. மகாதேவ ஐயர் ஏற்று நடத்தினார். அதன் பிறகு நடந்ததை எழுத எனக்குக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதத்தான் வேண்டும். 1925 ஜூன் மாதத் தொடக்கத்தில் ஐயர் குருகுலத்து மாணவர்களோடு பாபநாசம் மலைக்குப் போனார். மகள் சுபத்திரையும் உடன் போனாள். அகத்தியர் அருவிக்கு மேலே கல்யாண தீர்த்தம் என்று பாறைக்கு நடுவில் ஒரு தடாகம். பார்க்க அமைதியாக இருக்கும். ஆழம் தெரியாது, பாறையோ வழுக்கும். மகள் தண்ணீரில் விழுந்துவிட்டாள். காப்பாற்றக் குதித்த தகப்பனும் திரும்பவில்லை. அவருக்கு வயது 44. நான் அம்பாசமுத்திரத்தில் இருந்த நாட்களில் இரண்டு முறை அந்த இடத்துக்குப் போனேன். அவரோடு எனக்கு இருந்த வழக்கெல்லாம் அந்தப் பாறையில் நின்றபோது எங்கோ போய்விட்டது. அவரைத் திட்டியவர்களும் அன்றைக்கு அழுதிருப்பார்கள். அவர் இல்லாத குருகுலம் கொஞ்ச காலம் நடந்து, பிறகு இல்லாமல் போனது.

ஓமந்தூரார் 1947 மார்ச்சில் சென்னை மாகாணத்துக்குப் பிரதமர் ஆனார். அப்போதெல்லாம் முதலமைச்சரைப் பிரதமர் என்றுதான் சொல்வார்கள். எல்லாச் சாதியாரும் கோயிலுக்குள் போகலாம் என்ற சட்டம் மாகாணம் முழுமைக்கும் அவர் காலத்தில்தான், அதே 1947-ல், வந்தது. சேர்மாதேவியில் மகன் பட்டதை நினைத்துத்தான் செய்தார் என்று சொன்னால் அது கதை கட்டுவது. ஆனால் மறந்திருப்பார் என்றும் எனக்குத் தோன்றவில்லை. சுயமரியாதைக்காரர்கள் ஊர் ஊராகச் ‘சமபந்தி போஜனம்’ நடத்தினார்கள். இன்றைக்கு ஆகஸ்ட் 15 அன்று அரசாங்கமே கோயில்களில் பொது விருந்து போடுகிறது. கலெக்டர் உட்கார்ந்து சாப்பிடும் படம் மறுநாள் பேப்பரில் வரும். நல்லதுதான். படம் எடுக்க ஆள் இல்லாத பந்தியில் என்ன நடக்கிறது என்பதுதான் எனக்கு எப்போதும் முக்கியமாகத் தோன்றும்.

அப்படி ஒரு பந்தியை என் கண் முன்னாலேயே பார்த்தேன். காமராஜர் 1956-ல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்த ஊர் எட்டயபுரம். அன்றைக்கு அதுவும் எங்கள் திருநெல்வேலி மாவட்டம்தான். பாரதி பிறந்த ஊர். கொஞ்ச நாளில் எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளிக்கும் சாப்பாடு வந்தது. சமைக்கிற அம்மாள் எந்தத் தெரு என்று எங்கள் ஆச்சி முதல் நாளே விசாரித்துவிட்டாள். திருப்தி ஏற்பட்ட பிறகே என்னை அனுமதித்தாள். தட்டு மட்டும் வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும். அவரவர் அலுமினியத் தட்டு, அதனால் பாத்திரச் சண்டை இல்லை. ஆனால் உட்காருவது வராந்தாவில் ஒரே வரிசை. யார் எங்கே உட்காருவது என்று தலைமை ஆசிரியர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மணி அடித்ததும் ஓடிப்போய் இடம் பிடிப்போம். கால்வாய்க்கு அந்தப் பக்கத்து நண்பன் ஓட்டத்திலும் முதல் என்பதால் அண்டாவுக்கு முன்னால் முதல் இடம் எப்போதும் அவனுக்கு. இரண்டாவது இடத்துக்கு நாங்கள் அடித்துக்கொள்வோம். வீட்டுக்கு வந்தால் செம்பை உயரத் தூக்குகிற அதே ஆச்சி, “இன்னைக்கு யார் பக்கத்துலடே உக்காந்த?” என்று கேட்டதே இல்லை. கேட்டால் பதில் வரும் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தண்ணீர் மட்டும் அங்கேயும் மிஞ்சி நின்றது. வராந்தா மூலையில் ஒரு மண்பானை, பக்கத்தில் ஓர் அகப்பை, மொண்டு ஊற்ற ஒரு பெரியவர். பிள்ளைகள் யாரும் பானையைத் தொடக் கூடாது. கையேந்தித்தான் குடிக்க வேண்டும். எல்லாப் பிள்ளைகளும். நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது பஞ்சாயத்தில் பள்ளிக்கூட வாசலில் ஒரு அடிபம்பு போட்டார்கள். ஒருவன் அடிக்க வேண்டும், ஒருவன் குடிக்க வேண்டும். பெரியவருக்கு அந்த வேலை போனது. கொஞ்ச நாள் கழித்துப் பானையில் வேப்பமுத்து போட்டு வைத்திருந்தார்கள்.